வன்முறை நடந்த வீட்டுப் பையன்களுக்கு வழிகாட்டியாகச் சேர நான் கடந்து வந்தவை

அப்பா அம்மாவை அடிப்பதைப் பார்த்து வளர்ந்த பையன்களோடு வாரத்துக்கு ஓரிரு மணி நேரம் செலவிட ஆண் தன்னார்வலர்கள் வேண்டும் என்று ஓர் அமைப்பில் கேட்டார்கள், பெயர் கொடுத்தேன். உடனே கூப்பிட்டுவிட மாட்டார்கள். காவல்துறைச் சரிபார்ப்பு, என்னைத் தெரிந்தவர்களிடம் தனித்தனியாக விசாரணை, அப்புறம் நீண்ட நேர்காணல். கோபம் வந்தால் என் அப்பா என்ன செய்வார் என்றுகூடக் கேட்டார்கள். என்னோடு விண்ணப்பித்த ஒருவர் கடுப்பாகி விலகிவிட்டார். எனக்கு அது சரியாகத்தான் பட்டது, ஏற்கெனவே ஓர் ஆணுக்குப் பயந்து வாழ்ந்த பிள்ளையிடம் இன்னோர் ஆளை அனுப்புகிறவர்கள் இவ்வளவாவது பார்க்க வேண்டாமா?

பயிற்சியில் மனதில் தங்கியது இது: அடி பையன்மேல் விழாவிட்டாலும், பக்கத்து அறையில் இருந்து கேட்டதே அவனைப் பாதிக்கும். 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, தாய் அடிபடுவதைப் பார்ப்பதையும் பிற்கால உடல்நலத்தைக் கெடுக்கும் சிறுவயதுப் பாதிப்புகளில் ஒன்றாகவே கணக்கில் எடுத்தது. அதற்காக, அடி பார்த்து வளர்ந்தவன் நாளை அடிப்பான் என்று எழுதிவைத்துவிடக் கூடாது, பெரும்பாலானவர்கள் அப்படி ஆவதில்லை. அப்பாவைத் திட்டக் கூடாது, அவனுக்கு அவர்மேல் பாசம் இருக்கலாம். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்கவும் கூடாது, ஆபத்து என்று தெரிந்தால் சொல்லியே ஆக வேண்டும். படம் எடுத்துப் போடவே கூடாது, அப்பாவை விட்டு விலகி அம்மாவும் பிள்ளையும் வேறு இடத்தில் இருந்தால், அதைப் பார்த்து அவர் கண்டுபிடித்துவிடலாம்.

எனக்கு அமைந்த பையன் எப்போதும் கதவு தெரியும்படிதான் உட்காருவான். ஒருநாள் சைக்கிள் செயினைச் சரிசெய்து கொண்டிருந்தோம், அவன் கையில் இருந்த ஸ்பானர் நழுவித் தரையில் 'ணங்'கென்று விழுந்தது. குனிந்து எடுக்கவில்லை, தோளைக் குறுக்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தான். "ஸ்பானர்தானே விழுந்துச்சு, எடுத்துக் கொடு" என்றேன். கொடுத்தான். கொஞ்ச நேரம் கழித்து, "கோவம் வரலையாண்ணா?" என்று கேட்டான். "இதுக்கு என்னத்துக்குடா கோவம்?" என்று சொல்லிவிட்டு செயினை மாட்டினேன். பிரசங்கம் எதுவும் செய்யவில்லை, அவனுக்கு அது தேவைப்படவும் இல்லை.

சில வாரம் வர மாட்டான். நான் போய் அந்த நேரம் முழுக்க இருந்துவிட்டு, பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு வருவேன். பிற்பாடு அவனே சீக்கிரம் வந்து நிற்க ஆரம்பித்தான்.

சேர நினைப்பவர்கள் ஒரு வருடமாவது தொடர முடியுமா என்று முதலில் பாருங்கள். சில மாதத்தில் கைவிட்டால் அந்தப் பிள்ளை முன்பைவிட உடைந்துபோகலாம். முடியும் என்றால் தள்ளிப்போடாமல் விண்ணப்பியுங்கள், இந்த வேலைக்கு ஆண்கள் வருவது குறைவு, பையன்கள்தான் காத்திருக்கிறார்கள்.