மூன்று பேர் ஜாஸ்: ஒத்திகைக் குறிப்புகள்

ஜனவரி 6
பியானோ, டபுள் பாஸ், டிரம்ஸ் என்று முடிவாயிற்று. 1937-இல் பியானோக்காரர் நாட் கிங் கோல் சேர்த்த ட்ரியோவில் (மூவர் குழு) டிரம்ஸே இல்லை. கிட்டார்தான் தாளத்தைச் சுமந்தது. அது வேறு ருசி. தொடக்கத்துக்கு எஃப் ஸ்ருதியில் 12 பார் புளூஸ் (ஒரு பார் என்பது நான்கு அடி). தாளைப் பார்க்க வேண்டியதில்லை, காது சும்மா இருக்காது.

ஜனவரி 13
கீழ் ஸ்தாயி முழுக்கக் கலங்கல். பாஸ் வாசிக்கும் ரூட்டையே (கார்ட் என்னும் சுரக்கூட்டின் ஆதார சுரம்) பியானோவின் இடது கையும் அழுத்துகிறது. ஸ்ருதி இம்மி விலகினாலும் இரண்டும் மோதும். ரூட் பாஸுக்கு மட்டும். டி மைனர் 7 கார்டுக்கு இடது கை எஃப்-ஏ-சி-ஈ. ஜி7-க்கு அதில் சி மட்டும் பி-க்கு இறங்கினால் போதும். சி மேஜர் 7-க்கு ஈ-ஜி-பி-டி. கை இடம்விட்டு நகர்வதே இல்லை. நடு சி-யை ஒட்டியே வாசிக்க வேண்டும். ஒரு ஸ்தாயி இறங்கினால் பழைய கலங்கல்தான்.

ஜனவரி 20
காலப்பிரமாணம் ஓடுகிறது. நிமிடத்துக்கு 120 அடி வேகத்துக்கு மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) 60-இல் வைத்து, அந்தத் தட்டை 2, 4 என்று எண்ணுவது. ஹை-ஹாட்டும் (மிதித்து மூடும் இரட்டைச் சிம்பல்) அங்கேதான் மூடும். 1, 3 அவரவர் உள்ளே.

ஸ்விங், தகிட-வில் 'கி'யை விழுங்கினாற்போல: நடுவேகத்தில் ஓர் அடியின் முன்சுரத்துக்கும் பின்சுரத்துக்கும் நீளம் ஏறத்தாழ 2:1. மிக வேகமான பாட்டில் அதையே பிடித்துக்கொண்டால் நொண்டும், சமமாக்கிவிட வேண்டும்.

பிப்ரவரி 3
பாஸ் சோலோவின்போது ஸ்னேர் டிரம்மின் அடிக்கம்பிகள் தாமே கிர்ரென்று அதிர்கின்றன. நெம்புகோலைத் தட்டிக் கம்பிகளை விடுவித்தால் நின்றுவிடும். பாஸ் ஆம்ப்பை மூலையிலிருந்து இழுத்து நாற்காலி மேல் வைத்ததும் கீழ் ஸ்தாயியின் வீக்கம் வடிந்தது. பிரஷ்ஷுக்கு (டிரம்ஸை வருடும் கம்பிக் குச்சம்) சொரசொரப்புப் பூச்சுள்ள தோல் வேண்டும். வழுவழு தோலில் சரசரப்பு எழாது.

பிப்ரவரி 17
32 பார் ஏ-ஏ-பி-ஏ பாட்டில் (எட்டு பார் பகுதி ஏ இருமுறை, வேறு பகுதி பி, மறுபடி ஏ) திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் தொலைகிறது. கடைசி ஏ முடிந்து அடுத்த சுற்றின் முதல் இரண்டு ஏ வரும்போது மூன்று ஏ தொடர்ந்து ஓடுகின்றன. யாராவது ஒருவர் பி-க்கு முந்திவிடுகிறார். பி தொடங்கும்போது டிரம்ஸ் வேறு சிம்பலுக்கு மாறினால் தீர்ந்தது. எண்ணிக்கொண்டே வாசிப்பது வீண்.

மார்ச் 2
1961 ஜூன் 25, நியூயார்க் வில்லேஜ் வான்கார்டு பதிவில் பியானோக்காரர் பில் எவான்ஸோடு ஸ்காட் லஃபாரோவின் பாஸ் பேசுகிறது, வெறுமனே அடிக்கு ஒரு சுரமாக நடப்பதில்லை. (லஃபாரோ பதினோரே நாளில் கார் விபத்தில் போய்விட்டார்.) அந்தப் பாணிக்கு ஆசைப்படலாம்; ஆனால் மூவருமே அடியை உடைத்தால் பாட்டு சிதறும். ஆகவே: முதல் சுற்றில் பாஸ் பாருக்கு இரண்டு சுரம், பியானோ சோலோவில் நான்கு. பாஸ் உடைக்கும் சுற்றில் ரைடு (டிரம்ஸில் தாளம் தாங்கும் சிம்பல்) அசையக்கூடாது, பியானோ இரண்டு பாருக்கு ஒரு கார்ட். அதற்கு மேல் அழுத்தினால் பாஸ் காதில் விழாது.

மார்ச் 9
பியானோவின் வளைவில் பாஸ், அதன் மறுபக்கம் ரைடு. மானிட்டர் (வாசிப்பவர் தம்மைக் கேட்கும் ஸ்பீக்கர்) தேவைப்படவில்லை.