பால் பெட்டியில் வந்த சட்டம்

மதுரையிலிருந்து ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகருக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில், பூட்ஸ் போட மறுத்து அடம்பிடித்த ஆறு வயது மகனின் முதுகில் ஓர் அடி வைத்தேன். அடித்த மறுகணம் நான் பார்த்தது அவன் முகத்தை அல்ல, சன்னலை. பெற்றோரும் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று உலகிலேயே முதலாவதாக 1979-இல் சட்டம் செய்த நாடு இது என்பதை வந்த வாரமே உடன் வேலை செய்பவர்கள் சொல்லியிருந்தார்கள். யாராவது பார்த்திருப்பார்களோ என்ற பயம்தான் எனக்கு இருந்தது; தவறு செய்துவிட்டோம் என்ற எண்ணம் துளியும் இல்லை. 'அடியாத மாடு படியாது' என்று கேட்டு வளர்ந்தவன் நான். பிரம்பெடுக்காத வாத்தியாருக்குப் பிள்ளைகள் மேல் அக்கறை இல்லை என்றே எங்கள் தெருவில் பேசிக்கொள்வார்கள்.

இந்த நாட்டவர்கள் இயல்பிலேயே சாந்தமானவர்கள் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். அந்த நினைப்பை மாற்றியவர், எங்கள் குடியிருப்பின் பொதுச் சலவை அறையில் பழக்கமான, எண்பது வயதை நெருங்கிய அம்மையார். கம்பளத்தின் தூசியைத் தட்டுவதற்கென்று வீட்டில் இருந்த பிரம்பால் தம் தந்தை தம்மை அடித்ததை, துவைத்த போர்வையின் ஒரு முனையை என் கையில் கொடுத்து மடித்தபடியே அவர் சொன்னார். அவரும் தம் மூத்த மகளை அடித்தவர்தாம். சட்டம் வந்தபோது, பிள்ளைகள் இருந்த வீடுகளுக்கெல்லாம் அரசு ஒரு சிறு விளக்க நூலை அனுப்பியதோடு, காலையில் மேசைக்கு வரும் பால் பெட்டிகளிலும் அந்தச் செய்தியை அச்சிட்டது. "மகள் அதை உரக்கப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்" என்றார். அந்தச் சட்டப் பிரிவில் தண்டனை என்று எதுவுமே சொல்லப்படவில்லை. அடி தாக்குதல் என்ற அளவுக்குப் போனால்தான் வழக்கமான குற்றவியல் சட்டம் பாயும். ஆனாலும், அந்தப் பார்வைக்குப் பிறகு தம்மால் கை ஓங்க முடியவில்லை என்றார் அவர்.

இரண்டு ஆண்டுகள் கழித்து விடுமுறைக்கு மதுரைக்குப் போயிருந்தபோது, சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்ட பேரனை நோக்கி அப்பா கையை ஓங்கினார். என்னை அறியாமலேயே நான் அந்தக் கையைப் பிடித்துவிட்டேன். அங்கே சன்னலைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதைத்தான் தடுக்கிறது, வீட்டுக்குள் அது வருவதில்லை. பயத்தில் தொடங்கிய ஒன்று எப்போது என் மனச்சாட்சியாக மாறியது என்று எனக்கே தெரியவில்லை.

"உன்னையும் அடிச்சுத்தானேடா வளர்த்தேன், கெட்டா போயிட்டே?" என்று அப்பா கேட்டார். காய்ச்சல் கண்ட என்னைத் தோளில் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தவர் அவர். அவரைக் கொடியவர் என்று சொல்ல என் நா எழாது. மதுரையிலேயே இருந்திருந்தால் நானும் அதே கையைத்தான் ஓங்கியிருப்பேன், அதை அன்பென்றே நம்பியுமிருப்பேன். அவரிடம் இதைச் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை.