பிரெஸ்னோவில் போத்து, காரைக்குடியில் கேள்வி

கலிபோர்னியாவில் பிரெஸ்னோ பக்கம் வீடு வாங்கியதும் கொல்லையில் முருங்கை வைக்கத்தான் ஆசை. குளிர்காலப் பனியில் கருகிவிடும், இது திராட்சை ஊர் என்று சொல்லி, பக்கத்து வீட்டுக்காரர் தாம்சன் சீட்லெஸ் என்ற விதையில்லாத் திராட்சைக் கொடியிலிருந்து பென்சில் கனத்துப் போத்துகள் வெட்டிக் கொடுத்தார். மேல் கீழ் மாறாமல் மூன்று நான்கு கணுவோடு ஊன்றினால் வேர் பிடித்துவிடும், காரைக்குடியில் ஆயா வேலியோரம் முருங்கைப் போத்து ஊன்றுவார்களே, அதே வேலைதான்.

"விதையே இல்லாத பழத்த எப்புடி தம்பி மொளைக்க வச்சாக?" என்று ஆயா போனில் கேட்டார்கள். போத்தில்தான். விதை அடியோடு இல்லாமலும் இல்லை, உருவாகத் தொடங்கிப் பாதியில் நின்றுவிடுகிறது. பழத்தைப் பெருக்க வைக்கும் ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஊக்கி விதையிலிருந்துதான் கூடுதலாக வரும் என்பதால் இதன் பழம் இயல்பிலேயே சிறிசு. கடையில் கொழுகொழுவென்று கிடைப்பதெல்லாம் ஜிப்ரலின் தெளித்து வளர்த்தது. நான் தெளிப்பதில்லை, காய் பிடித்ததும் கொத்துகளைக் கொஞ்சம் கழித்துவிடுவதோடு சரி.

எனக்குப் பழக நாளானது கவாத்துதான். இலையெல்லாம் கொட்டிக் கொடி உறங்கும் ஜனவரி, பிப்ரவரியில் முக்கால்வாசிக்கு மேல் வெட்டித் தள்ள வேண்டும், நம்ம ஊர்க்காரனுக்கு அது பச்சைப் பாவமாகத் தெரியும். அதிலும் தாம்சனில் அடிக்கணு மொட்டுகள் பெரும்பாலும் காய்க்காது, போன வருஷத்துத் தண்டு சிலதைப் பத்துப் பன்னிரண்டு மொட்டு நீளத்துக்கு விட வேண்டும். 1973-இல் இதே பிரெஸ்னோ ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பிளேம் சீட்லெஸ் என்ற இன்னொரு விதையில்லா ரகம் அப்படியில்லை, இரண்டு மொட்டு விட்டுக் குட்டையாக வெட்டினாலும் காய்க்கும். புதிதாக வைப்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

லீவில் ஊருக்குப் போனால் அப்பச்சி, ரெண்டு போத்து கொண்டாந்தா முற்றத்துல பந்தல் போட்டுரலாமே என்கிறார்கள். செடி கொண்டுவர அனுமதி, சான்றிதழ் என்று ஏகப்பட்டது இருக்கிறது. அதைவிட, கொடியை உறங்கவைக்கும் குளிர் காரைக்குடியில் ஏது? ஐப்பசி கார்த்திகை மழை ஈரத்தில் இலையெல்லாம் பூஞ்சை பிடிக்கும். கம்பம் பக்கத்துப் பன்னீர் திராட்சைதான் நம்ம வெயிலுக்குப் பழகினது, அங்கே கவாத்தை மாற்றி மாற்றிச் செய்து வருஷம் முழுக்க அறுக்கிறார்கள், அதிலேயே போத்து வாங்கி வையுங்கள் என்றேன்.

"அதுல கொட்டை இருக்கேடா" என்றார்கள். இருக்கட்டும், மணத்துக்கு அதை அடித்துக்கொள்ள என் தாம்சனால் முடியாது.