குடுமி வைத்த ஆள்காட்டி

அப்பா மால்மோவுக்கு வந்த மூன்றாம் நாளே கேட்டுவிட்டார். "ஏம்மா, இந்த ஊர்ல வயலே கெடையாதா?"

மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்களுக்கு மூன்றரை ஏக்கர். எழுபத்தொரு வயதில் முதல் முறையாக விமானம் ஏறிய மனுஷர். கடைவீதி, பாலம், பூங்கா என்று எதைக் காட்டினாலும் மரியாதைக்குத் தலையாட்டினார், அவ்வளவுதான். சரி, இவரை மண்ணைப் பார்க்க விட்டால்தான் தூக்கம் வரும் என்று தெரிந்துவிட்டது. மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, இயேசு விண்ணேறிய நாள், ஸ்வீடனில் அரசு விடுமுறை. புளிசாதமும் பிளாஸ்கில் காபியும் எடுத்துக்கொண்டு ஸ்கூருப் போகும் ரயிலில் ஏறினோம். விடுமுறை என்றால் தூங்குவதற்கு என்பது என் வீட்டுக்காரர் கொள்கை, அவர் வரவில்லை.

ஊதா நிற ரயில். ஸ்வேதாலா தாண்டியதும் ஜன்னலின் இரண்டு பக்கமும் மஞ்சள் பூத்துக் கிடந்தது. அப்பா நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டார்.

"கடுகா?"

"கடுகுக்குப் பங்காளிப்பா. ராப்ஸுன்னு சொல்லுவாங்க. எண்ணெய் ஆட்டுறதுக்கு."

ஸ்கூருப்பில் இறங்கி ஸ்வானெஹோல்ம் மாளிகை வரை மூன்று கிலோமீட்டர் போல நடை. அவசரம் இல்லாத பாதை. குட்டையாக வெட்டிவிட்ட வில்லோ மரங்கள், மொட்டைத் தலையில் முடி முளைத்த மாதிரி, ஓரமாக வரிசைகட்டி நிற்கும். காற்றுத் தடுப்புக்கும் விறகுக்குமாக அந்தக் காலத்தில் நட்டு வளர்த்தவை. பீட்ரூட்டின் இனத்தைச் சேர்ந்த சர்க்கரைக் கிழங்கு அப்போதுதான் இரண்டு இலை விட்டிருந்தது. அப்பா குந்தி உட்கார்ந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பார்த்தார், மூக்கருகே கொண்டுபோனார், திரும்பப் போட்டார். "களிமண்ணு கலந்திருக்கு. நல்ல மண்ணு." பிறகு எழுந்து நாலு திசையும் பார்த்தார்.

"இவ்ளோ நெலம் கெடக்கு. ஒரு ஆளைக் காணோமே!"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். ஏனென்றால் நாலு வருஷம் முன்னால் என்னை மிரட்டியதும் இதுதான். நான் வந்து இறங்கியது நவம்பரில். டிசம்பரில் மூன்றரை மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். அப்போது ஒரு முறை இதே வழியில் ரயிலில் போனேன். இருட்டில் தூரத்தில் ஒரு வீட்டு விளக்கு. அப்புறம் வெகு நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் இன்னொரு விளக்கு. வயலுக்கு நடுவே ஒவ்வொரு வீடாகத் தள்ளித் தள்ளி எரிந்தது. இந்த ஜனங்களுக்குப் பக்கத்து வீடு என்றாலே ஆகாதோ, இவர்கள் நடுவில் நான் எப்படிக் காலம் தள்ளப்போகிறேன் என்று வயிற்றைப் பிசைந்தது. குளிர் தேசத்து மனுஷர்களின் சுபாவமே இப்படி என்று நானாக முடிவு கட்டியும் வைத்திருந்தேன்.

சுபாவம் ஒன்றும் இல்லை. அளந்து போட்ட கோடு அது. கோடு போட்ட ஆளின் வீட்டுக்குத்தான் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன்.

1782-இல் ஸ்வானெஹோல்ம் பண்ணை ருட்கர் மக்லீன் என்ற பிரபுவின் கைக்கு வந்தது. அதுவரை இந்த ஸ்கோனே மாகாணமும் நம் ஊர் மாதிரிதான் இருந்திருக்கிறது. வீடுகள் எல்லாம் ஊருக்குள் ஒன்றை ஒன்று ஒட்டி. நிலமோ ஆளுக்குப் பல இடங்களில், துண்டு துண்டாக. ஒருவர் துண்டுக்குப் போக இன்னொருவர் துண்டை மிதிக்க வேண்டும் என்பதால் விதைப்பும் அறுப்பும் ஊரே சேர்ந்து ஒரே சமயத்தில். மக்லீன் மொத்த நிலத்தையும் அளக்கச் சொல்லி, கட்டம் கட்டமாக மறுபடி பிரித்து, குடியானவருக்கு ஒரே இடத்தில் ஒரே துண்டு என்று கொடுத்தார். பண்ணைக்குக் கூலியில்லாமல் வேலை செய்வதை எடுத்துவிட்டுப் பணமாகக் குத்தகை வாங்கினார். பள்ளிக்கூடமும் வைத்தார். வீட்டைப் பிரித்து எடுத்துப்போய் அவரவர் கட்டத்துக்குள் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. ஊர் கலைந்தது. விளைச்சல் கூடியது. 1803-இல் ஸ்கோனே முழுவதற்கும் இதைச் சட்டமாக்கினார்கள். 1827-இல் இதன் வழியில் நாடு முழுவதற்கும் இன்னொரு சட்டம் வந்தது.

இதையெல்லாம் நடந்துகொண்டே சொன்னேன். அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டார். வரப்பை ஒரு சாண் வெட்டிச் சேர்த்துக்கொண்ட பங்காளியோடு பதினோரு வருஷம் பேசாமல் இருந்தவர் அவர். மக்லீனைக் கட்டாயம் பிடிக்கும் என்று நினைத்தேன்.

"நல்ல வேலைதான் பாத்திருக்காரு," என்றார். கொஞ்ச தூரம் போனபின், "ஆனா ராத்திரி பாம்பு கடிச்சா யாரைக் கூப்புடுறது?"

மக்லீனைப் பற்றி நான் படித்த எதிலும் இந்தக் கேள்வி இல்லை.

வழியில் ஒரு பச்சை வயலைக் காட்டி என் பழைய மானக்கேட்டையும் சொன்னேன். வந்த முதல் வசந்தத்தில், மார்ச் மாதம், புல்வெளி என்று நினைத்து ஒரு வயலின் குறுக்கே நடந்துபோனேன். டிராக்டரில் வந்த ஒருவர் நிறுத்தி, சத்தம் போடாமல், "அது கோதுமை" என்று மட்டும் சொன்னார். இலையுதிர்காலத்தில் விதைத்துவிடுவார்கள், பனிக்காலம் முழுக்கக் கட்டையாக, மைதானத்துப் புல் மாதிரியே கிடக்கும். விவசாயி மகள் நான்! இந்த நாட்டில் யார் நிலத்திலும் யாரும் நடக்கலாம், ஒரு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்கலாம், காட்டுப் பழம் பறிக்கலாம். 'அல்லெமன்ஸ்ரெத்தன்', எல்லோருக்குமான உரிமை. 1994 முதல் அரசியல் சட்டத்திலேயே அதற்கு இடம் உண்டு. ஆனால் வளர்கிற பயிரை மிதிக்கக் கூடாது, வீட்டுத் தோட்டத்துக்குள் போகக் கூடாது, திறந்த படலைச் சாத்திவிட்டுப் போக வேண்டும். தொந்தரவு செய்யாதே, நாசம் செய்யாதே என்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள்.

"அந்த ஆளு எறங்கி வந்து ரெண்டு வார்த்தை திட்டியிருக்கணும்," என்றார் அப்பா. டிராக்டர்காரர் பக்கம்தான் நின்றார்.

அப்போது உழுத நிலத்திலிருந்து ஒரு பறவை கத்திக்கொண்டு எழுந்தது. எங்கள் தலைக்கு மேல் வட்டமடித்து, சரிந்து, மறுபடி எழும்பி, விடாமல் கத்தியது. கறுப்பும் வெள்ளையும், வெயில் பட்டால் முதுகில் பச்சை மின்னும். அப்பா சட்டென்று என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நிக்கிற எடத்துலயே நில்லு. முட்டை வச்சிருக்கு."

"எப்படிப்பா தெரியும்?"

"நம்ம ஆள்காட்டி தானம்மா இது. கத்துறதைப் பாரு. தலையில குடுமி மட்டும் வச்சிருக்கு."

ஸ்வீடிஷில் இதன் பெயர் தோஃப்ஸ்வீபா. 'தோஃப்ஸ்' என்றால் குடுமியேதான்! நாலு வருஷமாக இதை நான் பார்த்து வருகிறேன், ஏதோ ஒரு பறவை என்று. இரண்டும் நெருங்கிய உறவு என்று இரவு வீட்டுக்குப் போய்த்தான் தேடித் தெரிந்துகொண்டேன். நாங்கள் பின்வாங்கி வேலி ஓரமாகச் சுற்றிப் போனோம். அது கொஞ்ச தூரம் கூடவே வந்து, எல்லை தாண்டிவிட்டோம் என்று உறுதியானதும் திரும்பியது.

ஸ்வானெஹோல்ம் ஏரி பெரிதொன்றும் இல்லை. இந்தப் பக்கமெல்லாம் மேடும் பள்ளமுமாக, பள்ளத்துக்குப் பள்ளம் சின்னச் சின்ன ஏரிகள். பனியுகத்தின் கடைசியில் மண்ணுக்குள் சிக்கிய பெரும் பனிக்கட்டிகள் மெதுவாக உருகி விட்டுப்போன குழிகளும் இவற்றில் உண்டு. அப்பாவுக்கு அது திருப்தியாக இல்லை. வடுவூர் ஏரியைப் பார்த்து வளர்ந்தவர், கரையோரம் எதையோ தேடிக்கொண்டே வந்தார். என்னவென்று கேட்டால், "மதகு எங்கம்மா?" மதகும் இல்லை, கலிங்கும் இல்லை, யாரும் கரை போடவும் இல்லை என்றதும், "அப்ப இது ஏரி இல்ல, பள்ளம்," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

மர நிழலில் காட்டுப் பூண்டு வெள்ளையாகப் பூத்திருந்தது. ரசம் கொதிக்கிற வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி வாசனை. பெஞ்சில் உட்கார்ந்து புளிசாதத்தைப் பிரித்தோம். எதிரே வந்த ஒரு வயதான தம்பதி 'ஹேய்' என்றார்கள். மால்மோ பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாலும் முகம் பார்க்காதவர்கள், காட்டுப்பாதையில் வணக்கம் சொல்லாமல் போகமாட்டார்கள். அப்பா எழுந்து நின்று கைகூப்பினார்.

அப்புறம்தான் அது கேட்டது. தண்ணீருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, குக்-கூ, குக்-கூ.

விண்ணேறிய நாளில் விடியுமுன் எழுந்துபோய்க் குயில் சத்தம் கேட்பது இந்த ஊர்ப் பழைய வழக்கம். நாங்கள் போனதோ மத்தியானம், கொடுப்பினை இருந்தது. எந்தத் திசையில் முதலில் கேட்கிறதோ அதற்கேற்ற பலன் என்று எதுகையோடு ஒரு பழமொழியும் வைத்திருக்கிறார்கள்: வடக்கே கேட்டால் துக்கம், கிழக்கே ஆறுதல், மேற்கே என்றால் எல்லாவற்றிலும் உத்தமம், தெற்கே சாவு.

"பல்லி சொல்ற பலன் மாதிரி," என்றார் அப்பா. "தெக்கு இங்கயும் எமதிசையா?"

கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்தேன். முள் ஆடி நின்றது. ஏரிக்கு அந்தப் பக்கம் நேர் தெற்கு. சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் எட்டிப் பார்த்துவிட்டார்.

டப்பாவை மூடி என்னிடம் கொடுத்தார். வேட்டி இல்லாத குறைக்குப் பேண்ட்டை ஒரு மடிப்பு மேலே சுருட்டிக்கொண்டார்.

"எந்திரிம்மா. ஏரியச் சுத்தி அந்தாண்ட போயிட்டா அது நமக்கு மேக்கால வந்துடும்ல."

முக்கால் மணி நேரம் நடந்திருப்போம். பாதி வழியில் குயில் நிறுத்திவிட்டது. அப்பா அப்படியே நின்று, காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, என்னையும் பேசாமல் இரு என்று சைகை காட்டினார்.