மாக்கல்லில் ஒரு வௌவால் பதக்கம்

பதக்கம் ஒருவழியாக உருவத்துக்கு வந்துவிட்டது. இனி உப்புத்தாள் வேலைதான் பாக்கி.

சீனாவில் சிங் வம்சக் காலத்து (1644–1912) ஜேடு என்ற கடினமான மணிக்கல் நகைகளில் அடிக்கடி காணும் வடிவம் இது: மேலே வௌவால், கீழே சதுர ஓட்டை போட்ட காசு. சீனத்தில் வௌவாலும் 'ஃபூ', நற்பேறும் 'ஃபூ'. காசுக்கும் 'முன்னால்' என்பதற்கும் ஒரே ஒலி, 'ச்சியென்'. காசின் ஓட்டை 'யென்', அதாவது கண். நாம் சல்லடைக் கண் என்கிறோமே, அதேபோல. மொத்தமாகப் படித்தால், 'நற்பேறு கண்ணெதிரே'. எழுத்தே இல்லாத வாழ்த்து!

இறக்கை நுனி காசின் மேல் படிந்தால் அழகாக இருக்கும் என்று வரையும்போது தோன்றியது. ஆனால் கண் மறைந்தால் வாழ்த்தே போய்விடும். அதனால் இறக்கைகளை மேகச் சுருள்போல வளைத்து மேலேற்றினேன். தலையைக் கீழ்நோக்கி வைத்தேன். தலைகீழாக இருப்பதும் வந்து சேர்வதும் சீனத்தில் 'தாவ்' என்பதால், தலைகீழ் வௌவால் என்றால் நற்பேறு வந்தாயிற்று என்று பொருள். ஒரே உருவத்தில் இரண்டு வாழ்த்து. இந்த அடர்த்திதான் என்னை இந்தக் கலையில் கட்டிப்போட்டிருக்கிறது.

ஜேடில் நெஃப்ரைட் வகையின் கடினம், 10 வரை போகும் மோஸ் கடின அளவில் 6 முதல் 6.5 வரை. உளிக்கு அது மசியாது. அதைவிடக் கடினமான மணலும் தண்ணீரும் விட்டுத் தேய்த்தே உருவம் எடுத்தார்கள். வீட்டு மேசையில் அது நடக்காது என்பதால், கல்சட்டி செய்கிற மாக்கல்லையே எடுத்துக்கொண்டேன். தூசி நுரையீரலுக்கு ஆகாது. கல்லை ஈரமாகவே வைத்து, முகக்கவசத்தோடு வேலை செய்கிறேன்.

அதிக நேரம் பிடித்தது அந்தச் சதுரக் கண்தான். முன்னும் பின்னுமாகப் பாதிப்பாதி துளைத்தால் ஓரம் பெயர்வதில்லை. பிறகு சதுர ஊசி அரத்தால், அழுத்தாமல், மூலை மூலையாக இழுக்க வேண்டும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் எந்த மூலை மழுங்கியிருக்கிறது என்று உடனே தெரிகிறது.

அடுத்து 400, 800, 1500 எண் உப்புத்தாள்கள், எல்லாம் தண்ணீரில் நனைத்து. கடைசியில் கல்லை லேசாகச் சூடாக்கித் தேன்மெழுகு பூச வேண்டும்.

இதற்குப் பிறகு குதிரை மேல் குரங்கு. குரங்கும் பிரபுப் பட்டமும் 'ஹோ'. 'குதிரை மேல்' என்றாலே 'உடனே'. சீக்கிரம் பதவி உயரட்டும் என்ற வாழ்த்து அது. குரங்கைக் குதிரை பக்கத்தில் நிறுத்தினால் அந்த 'உடனே' கிடைக்காது. ஆகவே இரண்டும் ஒரே கல்லில் உயரமாக நிற்க வேண்டும். அதற்குத் தோதான கல்லைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.