மானிட்டர் காட்டாத மூச்சு

நோயைக் கண்டறிவது மருத்துவரின் வேலை, அவர் எழுதிய மருந்தை நேரம் தவறாமல் கொடுப்பது நர்ஸின் வேலை என்ற பிரிவினைக்குள்தான் நான் பல ஆண்டுகள் ஸ்டாஃப் நர்ஸாகப் பணியாற்றினேன். இந்திய நர்சிங் கவுன்சில் 2016-17 வாக்கில் தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் (நோயாளியைத் தாமே பரிசோதித்து மதிப்பிடப் பயின்ற நர்ஸ்) என்னும் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பைக் கொண்டுவந்தது. பி.எஸ்சி. நர்சிங் முடித்துப் பணி அனுபவமும் பெற்றவர்கள், வகுப்பறையைவிட நோயாளியின் படுக்கையருகே அதிக நேரம் நின்று கற்கும் படிப்பு அது. அதை முடித்துவிட்டு ஐசியூவுக்குத் திரும்பியபோது என்னிடம் எதிர்பார்க்கப்பட்டது மாறியிருந்தது. "சிஸ்டர், என்ன ரீடிங்?" என்று கேட்டுவந்த மருத்துவர்கள், "என்னவாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள், வேறு என்னவாகவும் இருக்கலாம்?" என்று கேட்கத் தொடங்கினார்கள். இரண்டாவது கேள்விக்கு விடை சொல்வதற்காகவே உடலைப் புதிதாகப் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

அந்தப் பார்வை மூச்சிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எந்த வார்டின் சார்ட்டைப் புரட்டினாலும் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் மணிக்கு மணி மாறியிருக்க, சுவாச எண்ணிக்கை மட்டும் எண்ணிப் பார்க்காமலே 18, 20, 18 என்று வரிசையாக எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். மானிட்டரில் தெரியும் எண்ணை அப்படியே எழுதுவதும் போதாது. மார்பில் ஒட்டிய இசிஜி லீடுகளின் வழியே மார்பின் அசைவைக் கணக்கிட்டே அது அந்த எண்ணைக் காட்டுகிறது. நோயாளி புரண்டாலும் இருமினாலும் கணக்கு பிசகிவிடும். கண்ணால் பார்த்தோ வயிற்றின் மேல் கைவைத்தோ ஒரு முழு நிமிடம் எண்ணும்போது எண்ணிக்கையோடு மூச்சின் ஆழமும், கழுத்துத் தசைகள் உழைக்கும் விதமும், பேச்சு எத்தனை சொல்லில் அறுகிறது என்பதும் சேர்ந்தே தெரியவருகின்றன.

மூச்சுத் திணறலோடு கொண்டுவரப்படும் இளைஞர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சுவாசம் நிமிடத்திற்கு 34, ஆழமாகவும் இடைவிடாமலும் இருக்கிறது. ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் இரு நுரையீரல்களிலும் காற்று தெளிவாகச் சென்றுவருகிறது. ஆக்சிஜன் அளவிலும் குறையில்லை. நுரையீரலில் கோளாறு இல்லாமல் ஒருவர் இப்படி மூச்சு வாங்கினால், ரத்தத்தில் கூடிவிட்ட அமிலத்தைக் கரியமில வாயுவாக வெளியேற்ற உடல் போராடுகிறது என்று முதலில் ஐயுற வேண்டும். ஜெர்மானிய மருத்துவர் அடோல்ஃப் குஸ்மௌல் 1874இல் நீரிழிவு நோயாளிகளிடம் விவரித்த சுவாசம் இதுதான். நாவறட்சி, சில வாரங்களாக உடல் மெலிந்தது, அடிக்கடி சிறுநீர் கழித்தது ஆகியவற்றைக் கேட்டறிந்து, சர்க்கரையையும், இன்சுலின் குறையும்போது ரத்தத்தில் சேரும் அமிலப் பொருளான கீட்டோனையும் பார்த்து, தமனி ரத்தத்தை வாயுப் பரிசோதனைக்கு அனுப்பினால், நீரிழிவால்தான் ரத்தம் அமிலமானதா என்பதற்கு விடை விரைவில் கிடைத்துவிடும். மூச்சுக்குழாய்க்கான மருந்தை ஆவிபோல் உள்ளிழுக்கத் தரும் நெபுலைசரை மாட்டிவிட்டுக் காத்திருந்தால் அந்த நேரம் வீணாகும்.

இதைவிடக் கடினமானது கட்டுவிரியன் கடி. கிராமங்களிலிருந்து நோயாளிகள் வரும் மருத்துவமனையில் பணிபுரியும் எந்த நர்ஸும் இதைத் தனியே படித்திருக்க வேண்டும் என்பேன். இரவில் தரையில் படுத்துறங்கியவர் விடியற்காலையில் வயிற்றுவலியும் வாந்தியுமாக எழுகிறார்; பாம்பைப் பார்த்தவர் யாருமில்லை; கடிவாய் பெரும்பாலும் கண்ணுக்கே தெரிவதில்லை, வீக்கமும் இருப்பதில்லை. இரைப்பை அழற்சி என்று ஊசி போட்டு அனுப்பிவிட எல்லா வாய்ப்பும் உண்டு. அதனால்தான் வயிற்றுவலியோடு அதிகாலையில் வருபவரின் வீட்டாரிடம் "அம்மா, ராத்திரி இவர் தரையிலா படுத்திருந்தார்?" என்று கேட்பதை நான் விடுவதே இல்லை. இந்த நஞ்சு நரம்புகளைத் தாக்கித் தசைகளைத் தளர்த்திவிடும் என்பதால், பிறகு இமைகளைப் பார்க்கிறேன், எச்சிலை விழுங்கச் சொல்கிறேன், தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்கிறேன், ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்கிறேன். முதலில் 25 வரை எண்ணியவர் அரைமணி நேரத்தில் 15இல் நிறுத்துகிறார் என்றால், ஆக்சிஜன் அளவு 98 என்று காட்டினாலும் அவரது சுவாசத் தசைகள் தளர்கின்றன என்று பொருள். ஆக்சிஜன் அளவு இறங்கும்வரை காத்திருப்பது மிகவும் தாமதம்.

நச்சுமுறிவு மருந்து ரத்தத்தில் சுற்றும் நஞ்சைக் கட்டிவிடும். ஏற்கெனவே சிதைந்த நரம்பு நுனிகளை அதனால் மீட்க முடியாது. எனவே சிலருக்குப் பல நாட்கள் வென்டிலேட்டர் தேவைப்படுகிறது. அந்த நாட்களில் கண்மணிகள் விரிந்து, வெளிச்சத்துக்கும் அசையாமல், கைகால்கள் முற்றிலும் தளர்ந்து கிடப்பவரைப் பார்த்து மூளை செயலிழந்துவிட்டதோ என்று அஞ்சுவது இயல்பு. ஆனால் அவர் முழு நினைவோடு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். ஆகவே அவரது படுக்கையருகே நம்பிக்கையிழந்து யாரும் பேசக் கூடாது என்பதையும், ஊசி போடும் முன்பும் புரட்டிப் படுக்கவைக்கும் முன்பும் அவரிடம் சொல்லிவிட்டே செய்ய வேண்டும் என்பதையும் மருத்துவ மதிப்பீட்டின் ஒரு பகுதியாகவே கருதுகிறேன்.

மருத்துவர் ரவுண்ட்ஸில் சில நிமிடங்கள் காணும் நோயாளியை நர்ஸ் பன்னிரண்டு மணி நேரம் காண்கிறார். மேம்பட்ட மதிப்பீடு என்பதில் எங்களுக்கே உரிய பலம் இங்கேதான் இருக்கிறது. ஒருமுறை திறமையாகப் பரிசோதிப்பதைக் காட்டிலும், அதே பரிசோதனையை அதே முறையில் திரும்பத் திரும்பச் செய்து, எது எப்போது மாறியது என்று சொல்ல முடிவதே நோயைக் காட்டிக்கொடுக்கிறது. இரவில் டூட்டி டாக்டரை அழைக்கும்போது "நோயாளி சரியில்லை" என்று சொல்வதற்குப் பதிலாக, "ஒரு மணிக்கு இமைகள் இயல்பாக இருந்தன, இரண்டு மணிக்குப் பாதி இறங்கிவிட்டன, ஒருமூச்சு எண்ணிக்கை பத்து குறைந்துள்ளது, கட்டுவிரியன் கடி என்று ஐயுறுகிறேன்" என்றால் அவர் படியேறி வரும்போதே மூச்சுக்குழாயில் டியூப் போடுவதற்கான எண்ணத்தோடு வருகிறார்.

இத்தனையும் கற்றுத் தேர்ந்த பிறகு, தனிப் பணியிடம் இல்லாத காரணத்தால் வழக்கமான ஸ்டாஃப் நர்ஸ் ரோஸ்டருக்கே திரும்பியவர்களை எனக்குத் தெரியும். அது அவர்களுக்கு மட்டும் ஏற்பட்ட இழப்பன்று. எங்கள் பிரிவில் மூத்த மருத்துவர்கள் எங்களோடு உட்கார்ந்து, எந்த அறிகுறிக்கு எந்தப் பரிசோதனையை நர்ஸ் பிராக்டிஷனர் காத்திராமல் அனுப்பலாம், எந்த எல்லையில் உடனே அழைத்தாக வேண்டும் என்பதை எழுத்தில் வகுத்துக் கையொப்பமிட்டுத் தந்தார்கள். அதன் பிறகு, நள்ளிரவில் மூச்சு வாங்கும் நோயாளியிடம் டூட்டி டாக்டர் வந்து சேரும்போது இசிஜியும் ரத்த வாயு அறிக்கையும் கேஸ் ஷீட்டில் தயாராக இருக்கின்றன.