தொட்டி வழியுமா? கண்ட்ரோலரை நிகழ்வுகளாக உடைத்துப் பார்த்தல்

நீர்மட்டம் விட்டுவிடாமல் மாறிக்கொண்டே இருக்கும். மோட்டாருக்கோ ஆன், ஆஃப் என்று இரண்டே நிலை. இப்படி இரண்டும் கலந்ததுதான் ஹைப்ரிட் சிஸ்டம்.

100 செ.மீ. உயரத் தொட்டி. மோட்டார் ஓடினால் மட்டம் நிமிடத்துக்கு 1 முதல் 2 செ.மீ. ஏறும், நின்றால் 0 முதல் 1 செ.மீ. இறங்கும். கண்ட்ரோலர் 5 நிமிடத்துக்கு ஒருமுறை சென்சாரைப் படிக்கும். 30-க்குக் கீழே இருந்தால் ஆன், 80-ஐத் தாண்டியிருந்தால் ஆஃப்.

முதலில் மட்டத்தை 30, 80, 100 என்ற கோடுகளில் வெட்டுங்கள். கண்ட்ரோலர் முடிவெடுக்கும் எண்கள் கட்டாயம் வெட்டுக்கோடுகளாக இருக்க வேண்டும். ஒவ்வொரு துண்டும் மோட்டார் நிலையும் சேர்ந்து ஒரு நிலை. கோட்டைக் கடப்பது ஒரு நிகழ்வு.

இந்த நிலைகளையும் நிகழ்வுகளையும் இணைத்து வரைந்த வரைபடம் 'வழியும்' என்றே சொல்லும். மோட்டார் ஓடும்போது 80-100 துண்டில் மட்டம் ஏறுகிறது, ஆகவே 100-ஐத் தொடலாம். ஆனால் இது பொய் எச்சரிக்கை. இப்படித் துண்டுகளாகச் சுருக்கிய மாதிரியான அப்ஸ்ட்ராக்‌ஷன் நிஜத்தைவிட அதிக பாதைகளை அனுமதிக்கும். அது 'பத்திரம்' என்றால் நம்பலாம், 'ஆபத்து' என்றால் சரிபார்க்க வேண்டும்.

பலரும் உடனே 90-இல் இன்னொரு கோடு போடுவார்கள். பயனில்லை, பாதை 80, 90, 100 என்று நீளும், அவ்வளவுதான். இங்கே விடுபட்டது நேரம். 20 செ.மீ. ஏறக் குறைந்தது 20/2 = 10 நிமிடம்; ஆஃப் கட்டளை 5 நிமிடத்துக்குள் வந்துவிடும். இந்த எல்லைகளைக் கடிகாரமாகச் சேர்த்தால் 'வழிதல்' நிலைக்குப் போகும் பாதை அறுந்துவிடும். சென்சாரை 12 நிமிடத்துக்கு ஒருமுறை படித்தால் எச்சரிக்கை நிஜமாகிவிடும்: 80 + 24 = 104.

அதிகம் சறுக்கும் இடம் இதுதான்: அந்த 10 நிமிடம், 80 என்ற கோடு வழியாக உள்ளே வந்தால் மட்டுமே செல்லும். கையால் போடும் சுவிட்ச் ஒன்று இருந்து, மட்டம் 95-இல் இருக்கும்போது யாராவது அதை ஆன் செய்துவிட்டால் அது செல்லாது; 80-100 துண்டில் எங்கிருந்தும் தொடங்கலாம் என்பதால், கணக்கில் நேரத்தின் கீழ் எல்லை 0. சுவிட்சையும் ஒரு நிகழ்வாகச் சேர்க்காத நிரூபணம் செல்லாது.

'தொட்டி எப்போதாவது 80 வரை நிறையுமா?' என்பது வேறு கேள்வி. அதற்கு ஏறும் வேகத்தின் கீழ் எல்லை 0-ஐவிடப் பெரிதாக இருக்க வேண்டும். போர்வெல் வற்றினால் அது 0. மோட்டார் காற்றை இழுத்துக்கொண்டு ஓடும்.

உப்பால் (UPPAAL) போன்ற, நேரத்தோடு இயங்கும் மாதிரிகளைச் சரிபார்க்கும் மென்பொருள் கருவிகளில் கடிகார எல்லைகளை முழு எண்ணாகத் தர வேண்டும். வேகம் 2.3 என்றால் 20/2.3 = சுமார் 8.7 நிமிடம். கீழ் எல்லையைக் கீழ்நோக்கியும் மேல் எல்லையை மேல்நோக்கியும் முழு எண்ணாக்குங்கள்: இங்கே கீழ் எல்லை 8. விநாடிக்கு மாற்றினால் 521, நஷ்டம் குறைவு.